கண்ணை மட்டும் விட்டுவிட்டு: பள்ளித் தண்டனை பற்றி வாசகர் கேள்வி-பதில்

எப்போதும் சொல்வதுதான்: பிள்ளையின் வயதை எழுதுங்கள். வந்த கடிதங்களில் பாதியில் அது இல்லை. ஆறு வயதுக்குச் சொல்வது பதினைந்துக்குப் பொருந்தாது.

கேள்வி: பள்ளியில் அடிப்பதை முதலில் தடை செய்த நாடு எது?

போலந்து, 1783. வீட்டிலும் கூடாது என்று முதலில் சட்டம் போட்டது சுவீடன், 1979.

கேள்வி: மகனை வாத்தியார் அறைந்துவிட்டார். பள்ளியில் போய் எப்படிப் பேசுவது? இரண்டு நாளாக ஒரு காது சரியாகக் கேட்கவில்லை என்கிறான்.

கடைசி வரியில் இருப்பதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டாமா, அம்மா? பள்ளி நாளைக்கும் அங்கேதான் இருக்கும். இன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். கன்னத்துக்கு ஓங்கிய கை கொஞ்சம் பின்னால் தள்ளிக் காதை மூடினாற்போல் விழுந்தால், உள்ளே அழுந்தும் காற்றே செவிப்பறையைக் கிழித்துவிடும். சின்னக் கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை எண்ணெய், சொட்டு மருந்து எதுவும் விடாதீர்கள், தண்ணீரும் போகக் கூடாது.

அப்புறம் தலைமை ஆசிரியருக்குக் கடிதம். எந்த நாள், எந்தப் பாடவேளை, என்ன நடந்தது. எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று கத்தினால், அறையை மறந்துவிட்டு உங்கள் கத்தலைப் பற்றித்தான் பேசுவார்கள்.

கேள்வி: நான் பிரம்பைத் தொடுவதே இல்லை. தோப்புக்கரணம், முட்டி போடுவது மட்டும்தான். இதுவுமா?

இதுவும்தான். வலியோ அசௌகரியமோ தருவதற்காக உடல் பலத்தைப் பயன்படுத்தினால், எவ்வளவு லேசாக இருந்தாலும் அது உடல் தண்டனை என்று ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 2006-இல் வரையறுத்தது. உடலை வருத்தும் நிலையில் இருக்க வைப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. நூறு, இருநூறு என்று தோப்புக்கரணம் போடவைத்தால் தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம்.

கேள்வி: நாங்கள் எல்லாம் அடி வாங்கித்தான் ஆளானோம்.

இதில் கேள்வி எங்கே? அடிக்குப் பயந்து பாதியில் பள்ளியை விட்டவர்கள் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை.

கேள்வி: “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க சார்” என்று சொல்லித்தான் பிள்ளையைச் சேர்த்தேன். பெற்றவனே சம்மதித்த பிறகு சட்டத்துக்கு என்ன வேலை?

இந்த வசனத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சரி, முதலில் சட்டம். ஸ்காட்லாந்தில் இரண்டு தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைத் தோல்வாரால் அடிக்கக் கூடாது என்று வழக்காடினார்கள். அதில் ஒரு பையன் அடி வாங்க மறுத்ததற்காகவே மாதக்கணக்கில் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டவன். 1982-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தாய்மார்கள் பக்கம் நின்றது: பெற்றோரின் கொள்கையை அரசு மதிக்க வேண்டும்.

உடனே உங்களைப் போன்றவர்கள் கிளம்பினார்கள். அடி வேண்டும் என்பதும் எங்கள் கொள்கைதானே! தென்னாப்பிரிக்காவில் ஏறக்குறைய 200 கிறிஸ்தவப் பள்ளிகளின் அமைப்பு 2000-இல் அரசமைப்பு நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. இங்கிலாந்தில் 2005-இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையிலும் அதே கதைதான். அந்தத் தீர்ப்பில் நீதிபதி ஹேல் அம்மையார் சுட்டிக்காட்டியதை நீங்கள் படிக்க வேண்டும்: இது குழந்தைகளைப் பற்றிய வழக்கு, ஆனால் குழந்தைகளுக்காகப் பேச எந்த நீதிமன்றத்திலும் ஒருவர்கூட வரவில்லை.

உங்கள் விஷயத்திலும் அதேதான். நீங்கள் அந்த வசனத்தைச் சொன்னபோது பையன் உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றிருப்பான். பள்ளியில் எது நடந்தாலும் வீட்டில் சொல்லிப் பயனில்லை என்று அன்றைக்கே தெரிந்துகொண்டான். அடியை மட்டுமா மறைப்பான்? அடியைவிட மோசமானது நடந்தாலும் வாய் திறக்க மாட்டான். வயதை நீங்களும் எழுதவில்லை.

கேள்வி: அடித்தால் திருந்துவார்கள் என்று ஆய்வு உண்டா?

கெர்ஷாஃப், க்ரோகன்-கேலர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2016-இல் 75 ஆய்வுகளை, சுமார் 1,60,000 பிள்ளைகளின் தரவை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அடி வாங்குவதற்கும் பிள்ளைகளிடம் வரும் தொல்லைகளுக்கும்தான் தொடர்பு தெரிந்தது, திருந்தியதற்கு இல்லை. ஆனால் அது பெற்றோர் அடிப்பதைப் பற்றியது. பள்ளிப் பிரம்புக்கு அப்படியே மேற்கோள் காட்டாதீர்கள்.

கேள்வி: வகுப்பில் அறுபது பேர். பிரம்பில்லாமல் எப்படி அடக்குவது?

கரும்பலகைப் பக்கம் நின்று கத்தாதீர்கள், டீச்சர். பாடத்தை நிறுத்தாமல் நடந்து போய், பேசுகிறவன் நோட்டில் இப்போது எழுத வேண்டிய வரியில் விரலை வையுங்கள். விதி மூன்று நான்கு போதும். மீறினால் கிடைப்பது சிறியதாக இருக்கட்டும், ஆனால் அன்றே, யாராக இருந்தாலும் கிடைக்க வேண்டும். அறுபது பேரை ஒருவர் தலையில் கட்டியது நிர்வாகத்தின் குற்றம், அதற்கு நான்காம் பெஞ்சுக்காரன் முதுகு என்ன செய்யும்?

கேள்வி: இரண்டு மாணவர்கள் கட்டிப் புரள்கிறார்கள். பிடித்து இழுத்தால் அதுவும் தண்டனையா?

இல்லை. ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவு பிடிக்கலாம், பிரிக்கலாம். பிரித்த பிறகு ஆளுக்கொரு அறை விட்டீர்களே, அது தண்டனை. நடந்ததை அன்றே எழுதி வையுங்கள்: நேரம், இடம், யார் பார்த்தார்கள்.