அடிச்சு வளைக்கலாம் வாங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் ஈரோடு. இதுவரைக்கும் டெரகோட்டா நகை செஞ்சு வித்துட்டு இருந்தேன், இப்ப செம்புத் தகட்டுல கைக்காப்பு பண்ணலாம்னு எறங்கிருக்கேன். வீடியோல காட்டுற மாதிரி நடு ஒடுங்கி ரெண்டு ஓரமும் வெளிய மலர்ந்து நிக்கிற ஷேப் வேணும். கொஞ்சம் வளையுது, அதுக்கப்புறம் எவ்ளோ அடிச்சாலும் நகர மாட்டேங்குது, ஓரத்துல வெடிப்பு வேற. தகடு மோசமா, நான் மோசமா?

பதில்: ரெண்டும் இல்லம்மா, நீங்க காய்ச்சாமலே அடிச்சிட்டு இருக்கீங்க, அவ்ளோதான். செம்பு, வெள்ளி, தங்கம் எதுவா இருந்தாலும் அடிக்க அடிக்க இறுகிட்டே போகும், அந்த இறுக்கம் ஒரு அளவுக்கு மேல போனா வளையறதுக்குப் பதிலா கிழியும். அதனால ரெண்டு ஓரத்தையும் ஒரு சுத்து அடிச்சு முடிச்சதும் கேஸ் டார்ச் தீயைக் காட்டி மறுபடி இளக்கிடணும். வெளிச்சம் கம்மியா இருக்கிற மூலையா பாத்து வேலை பண்ணுங்க, ஏன்னா செம்பு மங்கலா செவக்கிறது வெயில்ல கண்ணுக்கே தெரியாது, தெரியலையேன்னு இன்னும் காட்டிட்டே இருந்தீங்கன்னா ஓவரா சூடாகி அப்புறம் அடிக்கிறப்ப மேல்பக்கம் சொரசொரன்னு ஆயிடும். மங்கின செவப்பு வந்துச்சா, தீயை எடுத்துட்டு தண்ணில போட்டுடலாம், செம்பு அதுக்கெல்லாம் கோச்சுக்காது. பித்தளைன்னா மட்டும் செவப்பு அடங்கட்டும். மேல படியற கருப்பை புளித்தண்ணில ஊறவச்சு தேச்சு எடுத்துட்டு அப்புறம்தான் சுத்தியல், இல்லன்னா அந்தக் கருப்பும் சேர்ந்து உள்ள அடிபட்டு புள்ளி புள்ளியா நிக்கும்.

வெடிப்புக்கு இன்னொரு காரணம் ஓரம். கத்திரி போட்ட ஓரத்துல பிசிறு இருக்கும், அதுல ஆரம்பிச்சுதான் கிழியும். அடிக்கிறதுக்கு முன்னாடியே அரம் போட்டு எமரி பேப்பர்ல நல்லா தேச்சுடுங்க, விரல் வச்சா வழுக்கணும்.

இப்ப ஷேப்புக்கு வருவோம். பிரிங்கிள்ஸ் சிப்ஸ் பாத்துருப்பீங்கல்ல, ஒரு பக்கம் மேல வளைஞ்சா இன்னொரு பக்கம் கீழ வளையும், நீங்க கேக்கறது அந்த வளைவுதான். கிண்ணம் மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே பக்கமா வளையறது வேற ஜாதி. ரெண்டும் எங்க நீட்டுறோம், எங்க சுருக்குறோம்ங்கிற கணக்குதான். பின்லாந்துல பொறந்து அமெரிக்காவுல வேலை பாத்த ஹெய்க்கி செப்பான்னு ஒருத்தர் இந்த வளைவுகளையெல்லாம் வகை பிரிச்சு 1978-ல புத்தகமாவே போட்டாரு, இன்னிக்கு நீங்க பாக்குற வீடியோ முக்காவாசி அந்த வழிதான். காப்புக்கு ஓரம் நீளணும், நடு சுருங்கணும், நீங்க நடுவுல போட்டு அடிச்சீங்கன்னா நேர் எதிரா போகும்.

வெளிநாட்டு ஸ்டேக் எல்லாம் இப்போதைக்கு வாங்காதீங்க, அது தகட்டை மேல வச்சு அடிக்கிறதுக்கு பாம்பு மாதிரி நெளிஞ்ச ஒரு இரும்புத் தடிதான், விலையைக் கேட்டா தலை சுத்தும். புளியங்கட்டையில உருண்டையா ஒரு துண்டு எடுத்து நடுவுல பள்ளமா ராவி வைஸ்ல மாட்டுங்க. 0.5 மில்லிமீட்டர் தகட்டை, அதோட அகலம் பள்ளத்தோட இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பாலம் போட்ட மாதிரி வச்சுக்கிட்டு, தகட்டுக்கும் கட்டைக்கும் நடுவுல காத்து இருக்கிற இடமா பாத்து நைலான் சுத்தியல் இல்லன்னா மரச் சுத்தியலால ஓரத்துல இருந்து வரிசையா தட்டிட்டு வாங்க, ஒரு அடி மேல அடுத்த அடி பாதி ஏறணும், ஒரு ஓரம் முடிஞ்சா அடுத்த ஓரம், அப்புறம்தான் உள்வரிசை. காதையும் வச்சுக்கங்க, காத்து இருந்தா பொத்துன்னு கேக்கும், தகடு கட்டையில உக்காந்துட்டா சத்தம் கெட்டியாயிடும், அதுக்கு மேல அடிச்சா தகடு மெலிஞ்சுதான் போகும். ஒரு ஓரத்தையே விடாம அடிச்சா காப்பு முறுக்கிக்கும். கடைசிச் சுத்துக்கு அப்புறம் காய்ச்சக் கூடாது, அந்த இறுக்கத்தை அப்படியே விட்டுடுங்க, அதுவும் அந்த ரெட்டை வளைவும் சேர்ந்துதான் மெல்லிசு தகட்டைக் கைல நெளியாம நிறுத்துது.

கேள்வி: ஜிமிக்கியோட கிண்ணத்துக்கு வட்டத் தகடு எந்த சைஸ்ல வெட்டணும்? எனக்கு ஒவ்வொரு தடவையும் சின்னதா வந்துடுது. - ஒரு வாசகி, சேலம்

பதில்: கிண்ணத்தோட வாய் அகலத்தை 1.4-ஆல பெருக்குங்க. 15 மில்லிமீட்டர் ஜிமிக்கின்னா 21 மில்லிமீட்டர் வட்டம், இது முழு அரைக்கோளத்துக்கு. ஆழம் கம்மின்னா வட்டமும் கம்மி. டாப்பிங் பிளாக்ல, அதான் பல சைஸ் குழி உள்ள இரும்புக்கட்டை, வட்டம் முழுசா உள்ள அடங்குற பெரிய குழில ஆரம்பிச்சு ஒவ்வொரு குழியா சின்னதுக்கு வாங்க, அவசரப்பட்டு நேரா சின்னக் குழில வச்சு அடிச்சா ஓரம் குழியோட விளிம்புல மாட்டி வடு விழும், அந்த வடு பாலிஷ்ல போகவே போகாது. பஞ்ச், அதான் தகட்டைக் குழிக்குள்ள இறக்குற உருண்டைத் தலைக் கம்பி, குழியை விடக் கொஞ்சம் சின்னதா இருக்கணும், தகட்டு கனத்துக்கு இடம் வேணும்ல. கடைசில எமரி பேப்பரை கண்ணாடி மேல போட்டு கிண்ணத்தைக் கவுத்துத் தேச்சா வாய் சமமாயிடும்.

ரெண்டு கிண்ணத்தைச் சேர்த்து உருண்டையா பத்த வைக்கப் போறீங்கன்னா முதல்ல ஒரு சின்ன ஓட்டை போட்டுக்கங்க, உள்ள மாட்டுன காத்து சூட்டுல விரிஞ்சு வெடிக்கும், இது விளையாட்டு இல்ல.

கேள்வி: பாட்டியோட பாம்படம் வீட்ல இருக்கு. பாக்க அவ்ளோ பெருசு, முழுசா தங்கமா இருந்தா காது தாங்குமா? - விருதுநகர் வாசகர்

பதில்: தாங்காது, அதனாலதான் அது தகடு. கட்டம், உருண்டை, முக்கோணம்னு மெல்லிசுத் தங்கத் தகட்டை வளைச்சுச் சேர்த்து உள்ள அரக்கு நிரப்புவாங்க, தண்டட்டியும் இதே வேலைதான். அரக்கு உள்ள நின்னு தாங்குறதால தகடு நசுங்காது. என்னைக் கேட்டா நம்ம ஊர்ல தகட்டை வச்சுப் பண்ணுன வேலைலயே இதுக்கு இணையே கிடையாது, மாடர்ன் டிசைன்னு இன்னிக்கு காட்டுறாங்களே, அதையெல்லாம் நம்ம அப்பத்தாக்கள் காதுல போட்டுக்கிட்டு வயலுக்குப் போயிருக்காங்க. ஆனா ஜாக்கிரதை, சுத்தம் பண்றேன்னு கொதிக்கிற தண்ணில போட்டுடாதீங்க, அரக்கு இளகிடும். ரிப்பேருக்குக் குடுத்தா உள்ள அரக்கு இருக்குன்னு முதல்லயே சொல்லிடுங்க. விக்கப் போனா அரக்கு எடையைக் கழிச்சுதான் கணக்கு போடுவாங்க, அதுல ஏமாத்துறாங்கன்னு சண்டைக்குப் போகாதீங்க.

கேள்வி: அப்பார்ட்மென்ட்ல இருக்கேன், சுத்தியல் சத்தத்துக்கு கீழ் வீட்டுக்காரங்க வந்துடுவாங்களே? - சென்னை வாசகி

பதில்: தோல் பையில மணல் நிரப்பி அது மேல வச்சு அடிங்க, இரும்பு விட்டு மரச் சுத்தியல் எடுங்க, பாதி சத்தம் அங்கயே போயிடும். கட்டைக்கு அடில பழைய ரப்பர் மேட் மடிச்சுப் போடுங்க, தரைல நேரா வச்சீங்கன்னாதான் கீழ் வீட்டுக்கு இடி மாதிரி எறங்கும். காய்ச்சுற வேலையை பால்கனில நெருப்புச் செங்கல் மேல வச்சுக்கங்க, காயப்போட்ட துணியை மட்டும் முதல்ல எடுத்துடுங்க.