தார் போகும் முன் ஆசிட் வேண்டாம்

கேள்வி: அப்பா வாங்கிய 1986ஆம் ஆண்டு அம்பாசடர் காரைச் சீர்செய்து வருகிறேன். கழற்றி வைத்திருக்கும் பின்பக்க லீஃப் ஸ்பிரிங், பேட்டரித் தட்டு, பிராக்கெட், போல்ட் எல்லாவற்றிலும் தாரும் துருவும் அப்பிக் கிடக்கின்றன. மொத்தமாக ஆசிட் தொட்டியில் போட்டு ஒரே நாளில் புதிதாக்கித் தருவதாகப் பட்டறைக்காரர் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். உங்கள் சாமான்களின் மேல் இருப்பது இரண்டு வேறு அழுக்குகள். தார் எண்ணெய் வகையைச் சேர்ந்தது. அது மண்ணெண்ணெயிலோ டர்பன்டைனிலோதான் கரையும். துரு எண்ணெயில் கரையாது. தார் ஒட்டியிருக்கும் இடத்தில் ஆசிட் இறங்காது என்பதால், வெளியே தெரியும் நல்ல இரும்பு அரிபடும். தாருக்கு அடியில் இருக்கும் துரு அப்படியே இருக்கும்.

ஆகவே முதலில் தாரை எடுங்கள். உச்சி வெயிலில் சுரண்டினால் அது பபிள்கம் போல இழுபடும். விடியற்காலையில், இறுகியிருக்கும்போது, பட்டித் தகட்டை வைத்து மெல்லத் தட்டினால் பழைய தார் பெரும்பாலும் சில்லுச் சில்லாகப் பெயரும். மிச்சமிருப்பதை மண்ணெண்ணெயில் நனைத்த கந்தலால் சுற்றி இரவு முழுக்க வைத்திருந்து, மறுநாள் துடைத்துவிட்டுச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பெட்ரோலைத் தொடாதீர்கள், தீப்பந்தம் வைத்துச் சூடாக்குவதும் வேண்டாம்.

அந்தத் தார் அங்கே எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வண்டி எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, போவதற்கு முந்தைய நாள், அடிப்பாகத்தைக் கழுவாமலேயே, துருவின் மேலேயே கறுப்பாகப் பூசிவிடுவது இடைத்தரகர்களின் பழைய வித்தை. ஈரத்தை உள்ளே அடைத்துக்கொண்ட தகடு உள்ளிருந்தே உளுத்துப் போகும். 15 ஆண்டு கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆயிற்று. 20 ஆண்டு கடந்தால் 10,000 ரூபாய் என்று 2025இல் உயர்த்தினார்கள். இவ்வளவு வாங்குகிற ஆர்.டி.ஓ. அலுவலகத்தார் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து அடித்தகட்டில் நாலு இடத்தில் குத்திப் பார்த்தால் என்ன என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். கறுப்பாகப் பளபளத்தால் போதும் என்றிருக்கும் வரை தார் டப்பா விற்றுக்கொண்டுதான் இருக்கும்.

இனித் துரு. பேட்டரித் தட்டு, பிராக்கெட் போன்ற சாதாரண இரும்புச் சாமான்களுக்கு எலுமிச்சை உப்பு எனும் மென்மையான சிட்ரிக் ஆசிட்டே போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் மூழ்க வையுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். வெளியே எடுத்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே காயவைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் காலையில் ஆரஞ்சு நிறப் பொடி பூத்திருக்கும்.

லீஃப் ஸ்பிரிங்கை மட்டும் இந்த வாளியில்கூடப் போடாதீர்கள். முறுக்கப்பட்டு ஸ்பிரிங் போல வேலை செய்யும் முன்பக்க டார்ஷன் பாருக்கும், தலையில் 10.9 அல்லது 12.9 என்று பொறித்த கடின எஃகு போல்ட்டுகளுக்கும் இதே விதிதான். ஆசிட் இரும்பை அரிக்கும்போது ஹைட்ரஜன் வெளிப்படுகிறது. சாதாரணத் தகட்டுக்கு அதனால் பெரிய கேடு இல்லை. ஆனால் ஸ்பிரிங்குக்காகக் கடினப்படுத்திய எஃகுக்குள் அது புகுந்துகொண்டால், வெளியில் ஒரு கீறலும் தெரியாமல் எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிறது. வளைந்து எச்சரிக்காமல், ஒரு வேகத்தடையில் பட்டென்று முறியும். பேட்டரி சார்ஜரையும் சலவைச் சோடாவையும் வைத்துத் துரு எடுக்கும் முறையிலும் ஹைட்ரஜன் வருவதால், இவற்றுக்கு அதுவும் ஆகாது. கம்பி பிரஷ், உப்புத்தாள், பொறுமை, இவ்வளவுதான் வழி. லீஃப் ஸ்பிரிங்கின் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட்டைக் கழற்றும் முன் அவற்றைக் கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள்; தவறினால் பட்டை துள்ளி முகத்தில் அடிக்கும். பிரித்த பின், ஏதாவது பட்டையில் நகம் மாட்டும் அளவுக்குத் துருக்குழி இருந்தால் அந்தப் பட்டையை மாற்றிவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போடுகிறவர் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. இன்னொன்றும் உண்டு: பல ஆண்டுகளுக்கு முன் நான் ஓரிடத்தில் கொடுத்த அசல் பிரேக் டிரம்கள், திரும்பி வந்தபோது வேறு டிரம்களாக இருந்தன, கறுப்புப் பெயின்ட்டுக்கு அடியில் வார்ப்பு எண் இல்லாததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எதை வெளியே கொடுப்பதானாலும் உட்புறத்தில் ஒரு பஞ்ச் குறி போட்டு, செல்பேசியில் படம் எடுத்த பிறகே கொடுங்கள்.

பேட்டரித் தட்டின் மூலைகளைத் துரு எடுத்ததும் ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அதற்கு மேல் சுத்தம் செய்து பயனில்லை. டிங்கரிங் செய்பவரிடம் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள்.