ஸ்கூட்டர் கேள்வி பதில்: கார்புரேட்டரைக் கழற்றும் முன்…

என் 2014 மாடல் 110 சிசி ஸ்கூட்டர் ஐந்தாறு கிலோமீட்டர் ஓடியதும் திணறி நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் கழித்து உதைத்தால் கிளம்பிவிடும். கார்புரேட்டரை இரண்டு முறை கழுவியாயிற்று. – வாசகர், தேனி

பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்புவதுதான் கார்புரேட்டர்; அதை மூன்றாம் முறை கழுவ வேண்டாம். அடுத்த தடவை நின்றதும், எதையும் தொடாமல், கார்புரேட்டர் அடியில் பெட்ரோலை வடிக்க இருக்கும் டிரெய்ன் ஸ்க்ரூவை ஒரு பாட்டிலுக்கு மேல் திறந்து பாருங்கள். பெட்ரோல் தாராளமாக வந்தால் கோளாறு பெரும்பாலும் கரண்ட் பக்கம்: சூடேறினால் செத்துப்போகும் காயில் (பிளக்குக்குக் கரண்ட் தருவது), அல்லது தீப்பொறி தரும் பிளக். ஒன்றிரண்டு சொட்டோடு நின்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

அப்படியானால் முதல் சந்தேகம் டேங்க் மூடி. திறக்கும்போது 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்து, உடனே வண்டியும் கிளம்பினால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்க் பெட்ரோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி நிற்கும்போது காற்று மெல்லக் கசிந்து உள்ளே போவதால்தான் கால் மணியில் தானாகக் குணமாகிறது. மூடியைக் கழுவிக் காற்றடித்தால் போதும்.

மூடியில் குறை இல்லையென்றால் வேக்குவம் டேப். கையால் திருகும் டேப் இல்லாத ஸ்கூட்டர்களில், என்ஜின் இழுக்கும் காற்றுதான் டேப்பைத் திறக்கிறது. டேப்பிலிருந்து இரண்டு பைப் வரும்: தடித்தது பெட்ரோலுக்கு, மெல்லியது என்ஜினின் இன்டேக் பக்கம் போவது. என்ஜின் ஆறியபின், திறந்த வெளியில், தடித்ததன் கார்புரேட்டர் முனையைக் கழற்றிப் பாட்டிலில் விடுங்கள். மெல்லியதன் என்ஜின் முனையில் ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்சைச் செருகி இழுங்கள். இழுத்துப் பிடித்திருக்கும்வரை பெட்ரோல் ஒரே தாரையாக விழ வேண்டும். விட்டதும் நிற்க வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேப்பின் வலையில் அழுக்கு. சிரிஞ்ச் பிடிமானமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் பைப்பில் வெடிப்பு, அல்லது டேப்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வில் கிழிசல். சிரிஞ்சுக்குள்ளேயே பெட்ரோல் வந்துவிட்டால் கிழிசல் உறுதி. டேப்பை முழுசாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கிழிசலில் கசியும் பெட்ரோல் மெல்லிய பைப் வழியே, கார்புரேட்டரைத் தொடாமல் நேராக என்ஜினுக்குள் போகும். கரும்புகை, கறுத்த பிளக், குறைந்த மைலேஜ் எல்லாவற்றுக்கும் பழி மட்டும் கார்புரேட்டர் மேல் விழும்.

இரண்டு மாதம் ஊரில் இல்லை. இப்போது சோக் போட்டால் கிளம்புகிறது, சோக்கை எடுத்தால் அணைகிறது. – வாசகி, கும்பகோணம்

ஸ்லோ ஜெட் அடைப்பு; ஆக்ஸிலரேட்டர் முறுக்காதபோது என்ஜினுக்குப் பெட்ரோல் விடும், துளையுள்ள சின்னப் பித்தளைத் திருகு அது. கார்புரேட்டர் அடியிலுள்ள கப்பில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகும்போது பிசின் மாதிரி ஒரு படிவை விட்டுப்போகும். இருப்பதிலேயே சின்னத் துளை ஸ்லோ ஜெட்டுடையது என்பதால் முதலில் அதுதான் அடைக்கும். கெய்ஹின் கம்பெனி ஜெட்டில் 35 என்று பொறித்திருந்தால் துளை சுமார் 0.35 மி.மீ. இதற்குள் ஊக்கையோ கம்பியையோ விடவே கூடாது. பித்தளை மெத்தென்றது, துளை அகன்றுவிட்டால் பெட்ரோல் குடிக்கும், பிறகு புது ஜெட்தான். கார்ப் கிளீனரில் ஊறப்போட்டுக் காற்றடியுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் வட்டமாக, ஓரம் பிசிறில்லாமல் தெரிய வேண்டும். கார்புரேட்டரின் மேல்பக்கம் உள்ள ரப்பர் டயாஃப்ரத்தின் மேல் கிளீனர் பட்டால் ஊதிப்போய்த் திரும்ப உட்காராது. அதை முதலிலேயே கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள்.

டேங்கின் பழைய பெட்ரோலையும் கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். அடியில் தனி அடுக்காக ஏதாவது நின்றால் மொத்தத்தையும் வடித்துவிட வேண்டியதுதான். இனி ஊருக்குப் போகும்போது டிரெய்ன் ஸ்க்ரூவைத் திறந்து கப்பைக் காலி செய்துவிட்டுப் போங்கள்.

ஏர் ஸ்க்ரூவை எத்தனை சுற்று வைக்க வேண்டும்? – வாசகர், திண்டுக்கல்

ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டர் முறுக்காமல் என்ஜின் ஓடும்போது) பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூவைத்தான் கேட்கிறீர்கள்; அது ஏர் ஸ்க்ரூதானா என்று முதலில் பாருங்கள். ஃபில்டர் பக்கம் இருந்தால் ஏர் ஸ்க்ரூ: வெளியே திருகினால் காற்று கூடும். என்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது: வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். பலர் இரண்டையும் ஒரே பெயரில் அழைத்து, மைலேஜுக்காகத் தலைகீழாகத் திருகிவிடுகிறார்கள்.

கழற்றுமுன், மெதுவாக உட்காரும்வரை உள்ளே திருகிச் சுற்றை எண்ணிக் குறித்துவையுங்கள். இறுக்கினால் முனை நசுங்கும். கணக்கு தெரியாவிட்டால் 2 சுற்று வெளியே வைத்து ஆரம்பிக்கலாம். ஏர் ஃபில்டரை மாட்டி, பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றியபின் கால் கால் சுற்றாகத் திருகி, ஐட்லிங் வேகம் மிக அதிகமாகும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஐட்லிங் ஸ்க்ரூவால் வேகத்தை இறக்குங்கள். கார்புரேட்டர் உள்ள ஹோண்டா ஆக்டிவாவுக்கு நிமிடத்துக்கு 1,700 சுற்று, 100 முன்பின் இருக்கலாம். எங்கே திருகினாலும் மாற்றமே இல்லையென்றால் ஸ்லோ ஜெட் அடைப்பு, அல்லது கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் காற்றுக் கசிவு.

2021-இல் வாங்கிய பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) ஸ்கூட்டர். சர்வீஸ் பில்லில் 'கார்புரேட்டர் கிளீனிங்' என்று போட்டிருக்கிறார்கள். – வாசகி, மதுரை

உங்கள் வண்டி ஃப்யூயல் இன்ஜெக்ஷன் (பெட்ரோலைப் பீய்ச்சித் தெளிக்கும் முறை) என்றால் அதில் கார்புரேட்டரே கிடையாது. என்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைத் துடைத்ததை அப்படி எழுதியிருக்கலாம். எதைக் கழற்றினார்கள் என்று காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.