பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பீட்டில்ஸ் பிரிந்த பிறகு, ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் நால்வரில் யாருடைய தனி இசைப்பயணம் சிறந்தது?

ரொம்ப வருஷம் யாராவது இதைக் கேட்டால் யோசிக்காமல் ஜார்ஜ் ஹாரிசன் என்று சொல்லிவிடுவேன். இன்று என் பதில் பால் மெக்கார்ட்னி.

ஜார்ஜ் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. லெனனும் மெக்கார்ட்னியும் பாட்டாக எழுதிக் குவித்த குழுவில் அவருக்கு ஒரு ஆல்பத்தில் இரண்டு மூன்று பாட்டுக்குத்தான் இடம் கிடைக்கும். மிச்சமெல்லாம் சேர்ந்துகொண்டே போனது. 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' பாட்டை 1969 ஜனவரியில் குழுவோடு ஒத்திகை பார்த்தார்கள். அவர்கள் சேர்ந்திருந்த காலத்தில் அது வெளியே வரவே இல்லை. 1970 நவம்பரில் அதே பெயரில் மூன்று இசைத்தட்டு ஆல்பமாக மடை திறந்தது. அதிலுள்ள 'மை ஸ்வீட் லார்ட்' பாட்டை ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். பின்னணிக் குரல்கள் அல்லேலூயா பாடிக்கொண்டே வரும். அது எப்போது 'ஹரே கிருஷ்ணா' ஆனது என்று எனக்கு முதல் தடவை பிடிபடவே இல்லை. திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று சிதார் கலைஞர் ரவிஷங்கரோடு சேர்ந்து நியூயார்க்கில் வங்கதேச மக்களுக்காக அவர் நடத்திய கச்சேரியை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

ஆனால் அது வருஷக்கணக்கில் சேர்த்து வைத்த களஞ்சியம். காலியான பிறகு அந்த வெள்ளம் திரும்ப வரவில்லை. 1974 சுற்றுப்பயணத்தில் தொண்டை கட்டிய குரலோடு பாடினார். 1987-இல் 'கிளவுட் நைன்' ஆல்பத்தோடு அழகாகத் திரும்பி வந்தார். நடுவில் நல்ல பாட்டுகள் உண்டு, இடைவெளியும் உண்டு.

லெனனின் 1970 ஆல்பம் நால்வரும் செய்ததிலேயே துணிச்சலானது. மெதுவான மணியோசையில் தொடங்கும் 'மதர்' பாட்டின் முடிவில், அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டு அவர் கதறுவதை என்னால் அடிக்கடி கேட்க முடியாது. 1975-லிருந்து ஐந்து வருஷம் மகனை வளர்க்க ஒதுங்கியிருந்தார். 1980-இல் திரும்பி வந்த சில வாரங்களில் கொல்லப்பட்டார். பாதியில் அறுந்த பயணத்தை எதோடு ஒப்பிடுவது? ரிங்கோ, ஜார்ஜோடு சேர்ந்து எழுதிய 'ஃபோட்டோகிராஃப்' எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் இந்தப் போட்டியில் அவரை வைக்க மாட்டேன்.

பாலிடம் களஞ்சியமும் இல்லை, அவர்மேல் யாருக்கும் அனுதாபமும் இல்லை. குழு உடைந்ததற்கே அவரைத்தான் பலர் திட்டினார்கள். முதல் ஆல்பங்களை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? 'விங்ஸ்' என்று புதுக்குழு சேர்த்து, 1972-இல் மனைவி, குழந்தைகள், நாய்களோடு வேனில் ஏறி, முன்னறிவிப்பில்லாமல் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் வாசலில் போய் இறங்கி, "இங்கே வாசிக்கலாமா?" என்று கேட்டார். பீட்டில்ஸ் பாட்டு ஒன்றைக்கூட வாசிக்கவில்லை. உலகத்தின் மிகப் பெரிய குழுவில் இருந்தவர், கத்துக்குட்டி மாதிரி அடியிலிருந்து ஆரம்பித்தார்.

1973-இல் நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில் ஒலிப்பதிவு. கிளம்பும் சமயத்தில் கிடார்காரர் விலகினார். முந்தின ராத்திரி டிரம்மரும் கைவிட்டார். பால், மனைவி லிண்டா, விங்ஸில் மிஞ்சிய டென்னி லேன் மூவர் மட்டும் போனார்கள். அங்கே கத்தியைக் காட்டி வழிப்பறி செய்தவர்கள் பாட்டுகளின் மாதிரிப் பதிவு நாடாக்களையும் கொண்டுபோய்விட்டார்கள். நினைவிலிருந்து மீட்டு, லண்டன் திரும்பி முடித்த ஆல்பம்தான் 'பேண்ட் ஆன் த ரன்'. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. நான்கு வருஷம் கழித்து அவருடைய 'மல் ஆஃப் கின்டயர்' பிரிட்டனில் 20 லட்சத்துக்கு மேல் விற்ற முதல் சிங்கிள் (தனிப்பாட்டு இசைத்தட்டு) ஆனது.

இன்று ராத்திரி 'பேண்ட் ஆன் த ரன்' ஆல்பத்தின் முதல் பாட்டைக் கேளுங்கள். சோர்ந்த குரலில் தொடங்கும், நடுவில் இறுகும். பிறகு வாத்தியக்குழு ஒரேயடியாக எழும்பி ஓயும்; அந்த இடத்தில் அகூஸ்டிக் கிடார் கதவைத் திறந்த மாதிரி உள்ளே வரும். அப்போது டிரம்ஸைக் கவனியுங்கள். அதை வாசிப்பதும் பால்தான்.