புது ஸ்போர்ட்ஸ் காடி: எதில் பேரம் பேசலாம், எதில் வாயைத் திறந்தும் பயனில்லை? கேள்வி பதில்

கோலாலம்பூரில் ஐரோப்பியக் காடிகள் விற்கும் ஷோரூமில் பல ஆண்டு, அதன் பிறகு ஒரு வங்கியின் காடிக் கடன் பிரிவில் சில ஆண்டு வேலை பார்த்தவன் நான். விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் காடியை வாங்குவது, குத்தகைக்கு எடுப்பது பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டேன். "எந்தக் காடி அழகு?" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். அது உங்களுக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் நடக்க வேண்டிய வழக்கு.

பங்சார், மருத்துவர்: அண்ணே, போர்ஷே 911 பார்த்து வைத்திருக்கிறேன். சேல்ஸ்மேன் விலையில் ஒரு காசுகூட இறங்க மாட்டேன் என்கிறார். உண்மையிலேயே முடியாதா, இல்லை என்னைப் பார்த்தால் ஏமாளி மாதிரி தெரிகிறதா?

டாக்டர், அவர் பாதி உண்மை சொல்கிறார். முழுதாக இறக்குமதியாகும், 2,500 சிசி-க்கு மேற்பட்ட ஐரோப்பியக் காடிக்கு வரி எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். துறைமுகத்துக்கு வந்த மதிப்பு 100,000 வெள்ளி (ரிங்கிட்) என்று வையுங்கள். இறக்குமதி வரி 30 விழுக்காடு சேர்ந்தால் 130,000. அந்தத் தொகையின் மேல் எக்சைஸ் வரி 105 விழுக்காடு, 266,500 ஆகிவிட்டது. அதற்கும் மேல் விற்பனை வரி 10 விழுக்காடு. மொத்தம் 293,150. ஷோரூம் தன் லாபத்தை இன்னும் சேர்க்கவே இல்லை. நீங்கள் ஓடிஆர் விலையில் (வரி, பதிவு, காப்புறுதி எல்லாம் சேர்ந்து சாலைக்கு வரும் விலை) 10 விழுக்காடு குறைக்கச் சொன்னால், வரி போக மிஞ்சும் சின்னப் பகுதியிலிருந்து அதைத் தரச் சொல்கிறீர்கள். அதனால்தான் அவர் முகம் சுருங்குகிறது.

ஆனால் இறங்க இடம் இருக்கிறது. முதலில் கேட்க வேண்டியது: "இது ஆர்டர் கொடுத்து வரும் காடியா, ஏற்கெனவே இங்கே நிற்கும் ஸ்டாக்கா?" ஸ்டாக் என்றால் எந்த ஆண்டு தயாரித்தது என்று கேளுங்கள். கெரானில், அதாவது காடியின் பதிவு ஆவணத்தில், தயாரிப்பு ஆண்டும் இருக்கும், பதிவு செய்த தேதியும் இருக்கும். போன ஆண்டு தயாரித்த காடியை இந்த ஆண்டு பதிவு செய்தால், நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்க வருபவர் பழைய ஆண்டைத்தான் கணக்கில் எடுப்பார். அந்த நட்டத்தை இன்றைக்கே விலையில் கேளுங்கள். நியாயமான கேள்வி என்று அவருக்கும் தெரியும். டிசம்பரில் ஷோரூமுக்குப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் மரியாதை அதிகம் கிடைப்பதும் இதனால்தான்.

ஸ்டாக் காடியில் இருக்கும் ஆப்ஷன்களையும் பாருங்கள். யாரோ தேர்ந்தெடுத்த தையல் நிறத்துக்கும் பெரிய ரிம்முக்கும் நீங்கள் ஏன் முழுக் காசு கொடுக்க வேண்டும்? அதில் இறங்குவார்கள். இறங்காவிட்டால் சர்வீஸ் பேக்கேஜ், கூடுதல் உத்தரவாதம், பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் கேளுங்கள். இவற்றின் அடக்கவிலை கடைக்குக் குறைவு, உங்களுக்கு மதிப்பு அதிகம்.

ஜிடி3 மாதிரி எண்ணிக்கை குறைந்த காடி என்றால் பேரம் பேசாதீர்கள். யாருக்குக் கொடுப்பது என்று அவர்கள்தான் பட்டியல் வைத்திருப்பார்கள்.

கிள்ளான், வணிகர்: மாதத் தவணையைக் குறைக்கச் சொன்னேன். உடனே ஒரு திட்டம் காட்டினார்கள், கடைசியில் பெரிய தொகை ஒன்று கட்ட வேண்டுமாம். நல்லதா?

நீங்கள் "மாதம் எவ்வளவு?" என்று கேட்ட அந்த நிமிடமே பேரம் அவர் கைக்குப் போய்விட்டது. தவணையை எந்த எண்ணுக்கும் கொண்டு வரலாம். ஆண்டைக் கூட்டலாம், கடைசித் தொகையைக் கூட்டலாம். விலை அப்படியே இருக்கும்.

நீங்கள் சொல்வது பலூன் கடன். 600,000 வெள்ளிக் காடிக்கு 120,000 முன்பணம் கட்டி, 480,000 கடன், நான்கு ஆண்டு, உண்மையான வட்டி ஆண்டுக்கு 4.5 விழுக்காடு என்று ஒரு கணக்குப் போடுவோம். சாதாரணக் கடன் என்றால் மாதம் ஏறக்குறைய 10,950 வெள்ளி. மொத்த வட்டி 45,400 அளவில் வரும். கடைசியில் 240,000 கட்டும் பலூன் என்றால் மாதம் 6,370தான். கேட்கவே இனிக்கிறது. ஆனால் அந்த 240,000-க்கும் நான்கு ஆண்டு முழுக்க வட்டி ஓடுகிறது. மொத்த வட்டி ஏறக்குறைய 65,900. மாதத்தை இலேசாக்கிக் கொண்டதற்கு 20,500 வெள்ளி கூடுதல்.

அதற்காக அது மோசடி என்று சொல்ல மாட்டேன். சில நிறுவனங்கள் கடைசியில் காடியைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு குறைந்தபட்ச மதிப்பை எழுத்திலேயே உறுதி செய்கின்றன. மெர்சிடிஸ் பென்சின் அஜிலிட்டி திட்டம் அப்படிப்பட்டது. நான்கு ஆண்டில் காடி மாற்றும் பழக்கம் உள்ளவருக்கு, சந்தை விலை விழும் பயத்தை வேறொருவர் தலையில் வைப்பது லாபம்தான். திருப்பிக் கொடுக்கும்போது எத்தனை கிலோமீட்டர் வரை, எந்தக் கீறல் வரை ஏற்பார்கள் என்ற பக்கத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படியுங்கள்.

சாதாரணக் கடனிலும் ஒரு சூது உண்டு. "2.5 விழுக்காடுதான் பாஸ்" என்பார். அது ஃபிளாட் கணக்காக இருந்தால், கடன் குறையக் குறைய வட்டி குறையாது. 400,000 வெள்ளிக்கு ஏழு ஆண்டு 2.5 விழுக்காடு ஃபிளாட் என்றால் வட்டி 70,000, மாதம் 5,595. உண்மையான வட்டியாக மாற்றினால் 4.7 விழுக்காடு பக்கம் வரும். எனவே விழுக்காட்டைக் கேட்காதீர்கள். "கடைசிவரை மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?" என்று கேட்டு, அந்த ஓர் எண்ணை வைத்து இரண்டு மூன்று வங்கிகளை ஒப்பிடுங்கள். ஷோரூம் கொண்டுவரும் வங்கிதான் வேண்டும் என்று சட்டம் இல்லை.

ஷா ஆலாம், தொழில் நிறுவனம் நடத்துபவர்: கம்பெனி பெயரில் வாங்கினாலோ குத்தகைக்கு எடுத்தாலோ வரியில் காடியே இலவசம் மாதிரி என்று நண்பர் சொல்கிறார்.

நண்பர் லாரி வாங்கியிருப்பார்.

தனியார் பயன்பாட்டுக் காடிக்கு வருமான வரிச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. புதுக் காடியின் ஓடிஆர் விலை 150,000 வெள்ளிக்குள் இருந்தால் 100,000 வரை மூலதனப் படிக்கு (காடி வாங்கிய செலவை ஆண்டுவாரியாக வருமானத்தில் கழிக்கும் சலுகை) ஏற்பார்கள். அதைத் தாண்டினால் வெறும் 50,000. நீங்கள் 800,000 வெள்ளிக்கு வாங்கினாலும் அதே 50,000தான். 24 விழுக்காடு வரி கட்டும் கம்பெனிக்கு, பல ஆண்டுகளில் சேர்த்து மிச்சமாவது 12,000 வெள்ளி. குத்தகை எடுத்தால் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காடிக்குக் கட்டும் குத்தகைத் தொகையிலும் மொத்தமாக இதே வரம்புவரைதான் கழிக்கலாம்.

இன்னொன்று. கம்பெனிக் காடியை நீங்கள் சொந்த வேலைக்கு ஓட்டினால் அது உங்கள் வருமானத்தில் சேரும் சலுகை. 500,000-க்கு மேற்பட்ட புதுக் காடிக்கு வரி வாரியத்தின் அட்டவணை ஆண்டுக்கு 25,000 வெள்ளி, கம்பெனி பெட்ரோலும் போட்டால் இன்னும் 3,000 என்று வைத்திருக்கிறது. அதற்கு வரி கட்டப்போவது உங்கள் பாக்கெட். காப்புறுதியிலும் இடிக்கும்: உங்கள் பழைய காடியில் சேர்ந்த என்சிடி (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) உங்கள் பெயரோடு போவது, கம்பெனி பெயருக்கு மாறாது. 55 விழுக்காடு என்சிடி வைத்திருப்பவருக்கு, 20,000 வெள்ளி அடிப்படைப் பிரீமியம் 9,000 ஆகும் இடத்தில் முழுசாகக் கட்ட வேண்டிவரும்.

குத்தகைக்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன: பராமரிப்பு, காப்புறுதி, மறுவிற்பனைத் தலைவலி எல்லாம் ஒரே பில்லில் போய்விடும். வரிக்காக மட்டும் என்றால் வேண்டாம். உங்கள் கணக்காய்வாளரிடம் இதே எண்களைக் காட்டிக் கேளுங்கள்.

செலாயாங், இளைஞர்: ரீகான் கடையில் அதே மாடல் ரொம்ப மலிவு. புதுசுக்குப் பதில் அதை வாங்கலாமா அண்ணே?

வாங்கலாம் தம்பி, கண்ணைத் திறந்துகொண்டு. ரீகான் என்பது ஜப்பானிலோ பிரிட்டனிலோ ஓடிய காடி. ஏபி என்ற இறக்குமதி உரிமம் வைத்திருப்பவர் கொண்டு வருகிறார். ஜப்பான் காடி என்றால் ஏலத் தாளின் அசலைக் கேளுங்கள். கிலோமீட்டரும் அடிபட்ட இடமும் அதில் இருக்கும். பிரிட்டன் காடி என்றால் சர்வீஸ் வரலாறு. அதைவிட முக்கியம், சுங்கத்தில் கொடுத்த கே1 என்ற இறக்குமதி அறிவிப்புப் படிவம். வரி சரியாகக் கட்டாத காடியைப் பின்னாளில் சுங்கத்துறை தேடி வந்தால், நிற்கப்போவது உங்கள் வாசலில்.

இங்குள்ள அதிகாரபூர்வ விநியோகஸ்தரின் உத்தரவாதம் ரீகானுக்குத் தானாக வராது. ஸ்போர்ட்ஸ் காடியில் ஒரு கியர்பாக்ஸ் பழுது உங்கள் மிச்சத்தை எல்லாம் விழுங்கிவிடும். ஆனால் ரீகான் விலையை எழுதி வாங்கி, புதுக் காடி ஷோரூமில் மேசைமேல் வைத்துப் பாருங்கள். வாங்காவிட்டாலும் அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு.

பூச்சோங், ஆசிரியை: என் பழைய காடிக்கு ஷோரூமில் நல்ல விலை தருகிறார்கள். நம்பலாமா?

டீச்சர், பழையதற்கு 10,000 கூட்டிக் கொடுத்துவிட்டு, புதுசில் தர வேண்டிய 15,000 தள்ளுபடியைப் பேசாமல் விட்டுவிடுவார்கள். புதுக் காடி விலையை முதலில் பேசி முடித்து எழுதி வாங்குங்கள். அதுவரை பழைய காடியைப் பற்றி மூச்சு விடாதீர்கள். பிறகு வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டு இதை எடுங்கள். பழைய கடன் பாக்கி இருந்தால், அதை யார், எந்தத் தேதிக்குள் அடைப்பது என்பதும் எழுத்தில் வேண்டும்.

அம்பாங்: மஸ்தாங் 5.0 ஆசை. ரோட் டாக்ஸ் எவ்வளவு வரும்?

கெரானில் 4,951 சிசி என்று இருந்தால், தீபகற்பத்தில் தனிநபர் பெயரில்: 10,909.50 வெள்ளி, ஒவ்வோர் ஆண்டும். 2,998 சிசி ஜிஆர் சுப்ராவுக்கு 2,125தான். 3,000 சிசி-யைத் தாண்டினால் ஒவ்வொரு சிசி-க்கும் 4.50 வெள்ளி ஏறுவதால் வரும் வித்தியாசம். இதில் பேரம் கிடையாது.

சிரம்பான்: லங்காவியில் வரியில்லாமல் வாங்கிவிடலாமே?

அந்தக் காடி தீவில் இருக்க வேண்டியது. தீபகற்பத்தில் கொண்டுவந்து வைத்திருக்க முடியாது. அதோடு 2026 ஜனவரி 1 முதல் அந்த விலக்கு 300,000 வெள்ளிக்குள்ளான காடிகளுக்கு மட்டும். இங்கே பேசும் விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் காடிகள் பெரும்பாலும் அதற்குள் வராது.

பிரிக்பீல்ட்ஸ்: டெஸ்ட் டிரைவில் என்ன பார்க்க வேண்டும்?

நெடுஞ்சாலைக்குக் கூட்டிப்போய் வேகம் காட்டுவார்கள். அது நன்றாகத்தான் இருக்கும். உங்கள் கொண்டோ கார் பார்க் சரிவில் ஏற்றிப் பாருங்கள், தாமான் வேகத்தடை மேட்டில் மூக்கு இடிக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கத்தைத் தூக்கும் ஆப்ஷனுக்குக் காசு கொடுங்கள். அதுதான் இந்த ஊரில் தினமும் பயன்படும்.

கெப்போங், அம்மா ஒருவர்: மகன் ஆடி மாதத்தில் காடி எடுக்கிறேன் என்கிறான். எடுக்கலாமா தம்பி?

எடுக்க வேண்டாம் அம்மா, பேசட்டும். ஆடி முடியும் சமயத்தை ஒட்டித்தான் சீனர்களின் பேய் மாதமும் வரும். அப்போது புதுக் காடி எடுக்கப் பலர் தயங்குவார்கள். ஷோரூம் வெறிச்சோடிக் கிடக்கும், மாத இலக்கு மட்டும் அப்படியே இருக்கும். அந்த வாரங்களில் போய் விலையைப் பேசி, தேதியோடு எழுதி வாங்கி, புக்கிங் போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஆவணியில் நாள் பார்த்து எடுக்கலாம். எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைக்கும்போது சின்னதாகப் பார்த்து வையுங்கள், இந்தக் காடிகள் ரொம்பத் தாழ்வு.