விளக்கு எரிந்தால் டிஃப் லாக் விழுந்துவிட்டதா?

கேள்வி: என்னுடைய பழைய நான்கு சக்கர இயக்க ஜீப்பின் பின் ஆக்சிலில், காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் லாக்கரை (இடது, வலது சக்கரங்களை ஒன்றாகச் சுழலும்படி பூட்டும் டிஃப் லாக்கில் ஒரு வகை) முந்தைய உரிமையாளர் பொருத்தியிருக்கிறார். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது. கம்ப்ரஸரும் விட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் எஸ்டேட் பாதையில் சேறு வந்தால் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்கிறது. காற்றை மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வைச் சுற்றிக் கியர் ஆயிலும் தெறித்திருக்கிறது. லாக்கரையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வேறு வழி உண்டா?
— ஒரு வாசகர், கூடலூர்

பதில்: லாக்கரை மாற்றும் முடிவுக்கு இப்போதே வர வேண்டியதில்லை. இத்தகைய அமைப்புகளில் அந்த விளக்கு பெரும்பாலும் சுவிட்சுக்கு மின்சாரம் வந்திருப்பதை மட்டுமே காட்டும். ஆக்சிலுக்குள் பற்கள் கோத்துக்கொண்டனவா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே முதலில் சக்கரத்தையே கேட்டுப் பார்க்க வேண்டும்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, பின் சக்கரங்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி, ஆக்சிலை உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் அமர்த்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். இன்ஜினை நிறுத்தி, வண்டியைக் கியரில் விட்டு, கை பிரேக்கை எடுத்துவிட்டு, ஒரு பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லாக் போடாதபோது எதிர்ச் சக்கரம் மறுதிசையில் சுழலும். இக்னிஷன் சாவியை மட்டும் திருப்பி, லாக்கைப் போட்டுவிட்டு மீண்டும் சுற்றினால், சிறிது அசைந்ததும் இரண்டு சக்கரங்களும் இறுகி நின்றுவிட வேண்டும். அந்தச் சிறு அசைவு, பற்கள் ஒன்றுக்கொன்று நேராக வருவதற்குத் தேவையானது. அதைப் பழுதென்று எண்ண வேண்டாம். இந்தச் சோதனையை இன்ஜினை ஓடவிட்டு ஒருபோதும் செய்யக் கூடாது. லாக் விழுந்த ஆக்சிலில் ஒரு சக்கரம் தரையைத் தொட்டாலும் வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும்.

சக்கரம் இறுகவில்லை என்றால், காற்று எந்த இடத்தில் தொலைகிறது என்று பார்க்க வேண்டும். கம்ப்ரஸரிலிருந்து புறப்படும் காற்று சோலினாய்டு வழியாக மெல்லிய குழாயில் ஆக்சிலுக்கு வந்து, உள்ளே ஒரு சிறு செப்புக் குழாயைக் கடந்து, இரண்டு ஓ-ரிங்குகள் (ரப்பர் வளையங்கள்) கொண்ட சீல் ஹவுசிங் வழியாக, இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் சுழலும் டிஃபரன்ஷியலுக்குள் நுழைந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. லாக்கை எடுக்கும்போது சோலினாய்டு "புஸ்" என்று காற்றை வெளியே விடும். அந்த ஓசையே கேட்காவிட்டால் காற்று குழாய்க்குள் போகவே இல்லை என்று கொள்ளலாம். அப்போது சோலினாய்டுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்து, "டிக்" ஒலி வருகிறதா என்று பாருங்கள். உங்கள் கம்ப்ரஸரோ திரும்பத் திரும்ப ஓடுகிறது. அப்படியானால் காற்று போகிறது, ஆனால் நிற்கவில்லை.

இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால் வெளிக் கசிவு குமிழியாகத் தெரிந்துவிடும். சைலன்சர் குழாயை ஒட்டிச் செல்லும் இடத்தில் பிளாஸ்டிக் குழாய் உருகியிருப்பதும், இடுக்கியால் நறுக்கியதால் அதன் முனை நசுங்கி இணைப்பில் சரியாக உட்காராததும் அடிக்கடி காணும் குறைகள். குழாயைக் கூரான பிளேடால் செங்குத்தாக வெட்டிப் பொருத்த வேண்டும். அடுத்து, ஆக்சில் முனையில் குழாயைக் கழற்றி, அங்கே ஒரு அழுத்தமானியை மாட்டிப் பாருங்கள். அது 85 பிஎஸ்ஐ அளவை எட்டி அசையாமல் நின்று, ஆக்சிலோடு இணைத்தவுடன் மட்டும் இறங்கினால், கசிவு உள்ளேதான் இருக்கிறது.

தெறித்த ஆயிலைப் பார்த்தால், கசிவு உள்ளே இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனாலும் ஓ-ரிங்குகளின் மேல் பழியைப் போடுவதற்கு முன், ஆக்சிலின் ப்ரீதரை (உள்ளழுத்தத்தை வெளியே விடும் காற்றுத் துளையை) கழற்றிப் பாருங்கள். அது சேற்றால் அடைபட்டிருந்தால், சூடேறிய ஆக்சிலுக்குள் எழும் அழுத்தம் கியர் ஆயிலைச் சீல் ஹவுசிங் வழியாகக் காற்றுக் குழாய்க்குள் தள்ளிவிடும். ஆயிலை அளவுக்கு மீறி ஊற்றியிருந்தாலும் இதுவே நடக்கும். ஓடையில் இறங்கும் வண்டிக்கு ப்ரீதர் குழாயை போனட்டின் உயரத்துக்கு நீட்டிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கியதும் நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தால் அது நடந்துவிட்டது என்று பொருள், தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் காற்று நிற்கவில்லை என்றால், உங்கள் மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை: ஆக்சிலைப் பிரித்தாக வேண்டும், ஆனால் பெரும்பாலும் மாற்ற வேண்டியவை ஓ-ரிங்குகளும் செப்புக் குழாயும்தான். திரும்பப் பூட்டும்போது பேரிங்கின் இறுக்கத்தையும், கிரவுன், பினியன் என்ற இரு பற்சக்கரங்களுக்கு இடையிலான பல்லிடைவெளியையும் டயல் கேஜ் வைத்து அளந்து சரிசெய்யும் பட்டறையிடம் மட்டுமே இந்த வேலையைக் கொடுங்கள். கைக்கணக்கில் பூட்டிய கிரவுன் சில நாட்களிலேயே ஊளையிடத் தொடங்கும்; அந்தச் செலவு ஓ-ரிங்கின் விலையைப் போலப் பல மடங்கு இருக்கும்.

கேள்வி: என் வண்டியில் டிஃப் லாக்குக்குச் சுவிட்சே இல்லை, தானாக விழும் என்றார்கள். மேட்டில் ஒரு சக்கரம் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கிறது, லாக் விழுவதில்லை. வேறு சில சமயம் "டமார்" என்ற சத்தத்தோடு விழுகிறது. இது பழுதா?
— ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: மஹிந்திரா தார் வண்டியின் சில வகைகளில் வரும் ஈட்டன் நிறுவனத்தின் இயந்திர லாக்கரைப் போன்ற ஒன்றாக அது இருக்க வேண்டும். இடது, வலது சக்கரங்களின் சுழற்சி வேறுபாடு நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சுற்றுகளைத் தாண்டும்போது, உள்ளே இருக்கும் சிறு எடைகள் விரிந்து பூட்டை இழுக்கும். நீங்கள் பயந்து பயந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் சக்கரம் மெதுவாகவே சுழலும்; எடைகள் விரியாது. சீராக, சற்றுக் கூடுதலாக மிதித்து, பூட்டு விழுந்ததும் காலைத் தளர்த்துங்கள். திடீரென்று ஓங்கி மிதிப்பதால்தான் அந்த "டமார்" சத்தம் வருகிறது. அது ஆக்சில் ஷாஃப்டுக்கும் நல்லதல்ல. சீராக மிதித்தும் ஒருமுறைகூட விழாவிட்டால், அல்லது தார்ச் சாலையின் வளைவுகளில் உள்ளே இடிக்கும் ஓசை கேட்டால், ஆயிலை வடித்து உலோகத் துகள்கள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: டிஃப் லாக்கை எடுத்த பிறகும் ஸ்டியரிங் கனமாகவே இருக்கிறது. ஏன்?
— ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: பற்களின் மேல் இழுவிசை இருக்கும்வரை அவை விடுபடுவதில்லை. ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சிறிது முன்னும் பின்னும் நகர்த்தினால் விலகிவிடும். அப்படியும் விலகாவிட்டால், லீவரும் கேபிளும் உள்ள வண்டியில் கேபிள் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். மோட்டார் வைத்த வகையில் மோட்டாருக்குள் நீர் புகுந்து இறுகியிருக்கலாம். இரண்டுமே, டிஃப் லாக்கை மாதம் ஒருமுறையாவது மண்தரையில் போட்டு எடுக்காத வண்டிகளில்தான் அதிகம். அது சரியாகும்வரை தார்ச் சாலையில் வளைவெடுத்து ஓட்டாதீர்கள்.