இளைப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 42 வயது. ஆம்பூரில் ஒரு காலணி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். உயரம் 170 செ.மீ. பத்து மாதங்களுக்கு முன்பு ரோடு பைக் வாங்கியபோது 91 கிலோ இருந்தேன், இப்போது 86. வாரத்தில் மூன்று நாள் 30 கிலோமீட்டர், ஞாயிறன்று 60 ஓட்டுகிறேன். வெறும் வயிற்றில் ஓட்டினால்தான் கொழுப்பு எரியும் என்கிறார்கள் என்பதால் பால் இல்லாத காப்பியோடு கிளம்பிவிடுகிறேன். இரவுச் சோற்றையும் நிறுத்திவிட்டேன். ஆனாலும் இரண்டு மாதமாக 86-ஐ விட்டு இறங்கவில்லை. ஏலகிரி மலை ஏறும்போது நண்பர்கள் எல்லோரும் முன்னால் போய்விடுகிறார்கள். எப்படியாவது இளைத்துவிட வேண்டும். பொங்கலுக்குள் 70 என்று இலக்கு வைத்திருக்கிறேன், இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. இது சரியான இலக்குதானா? எடை குறைந்த கார்பன் சக்கரம் மாற்றினால் ஏற்றத்தில் பயன் உண்டா? மிதிக்கும் வலுவை அளந்து காட்டும் பவர் மீட்டர் வாங்கலாமா? இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சென்ற ஆண்டு 6.3, போன மாதம் 6.1. முகம் வற்றிவிட்டது என்கிறாள் மனைவி. காலையில் எடை மெஷின் என்ன காட்டுகிறதோ அதைப் பொறுத்துத்தான் எனக்கு அன்றைய நாள் விடிகிறது. நீங்கள் முன்பு சைக்கிள் ஓட்டியதைப் பற்றி எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

க., ஆம்பூர்

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் எடை மெஷின் பற்றிய அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். சென்ற வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது என் பழைய நோட்டு ஒன்று கையில் சிக்கியது. அதைப் படித்த மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. நோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சில்லறைக் கேள்விகள். கார்பன் சக்கரம் வேண்டாம். கணக்குப் பிரிவில் இருக்கிறவர், நீங்களே போட்டுப் பார்த்திருக்கலாம். நீங்கள் 86, வண்டியும் தண்ணீர் பாட்டிலும் 11, மொத்தம் 97 கிலோ. மலையில் 500 மீட்டர் உயரம் ஏற உங்களுக்கு 50 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். புதுச் சக்கரத்தால் 400 கிராம் குறைந்தால் மிச்சமாவது ஏறத்தாழ 12 விநாடி. மூக்கைத் துடைத்துக்கொள்ளும் நேரம். அதற்கு எத்தனை மாதச் சம்பளம் என்பதை நீங்களே சொல்லுங்கள். உங்கள் உடம்பிலேயே 5 கிலோ குறைந்தால் இரண்டரை நிமிடம் மிச்சம், அதுவும் ஏற்றத்தில்தான். சமதளத்தில் உங்களை இழுத்துப்பிடிப்பது எடை அல்ல, காற்றின் எதிர்ப்பு. 1991 முதல் 1995 வரை தொடர்ந்து 5 முறை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற ஸ்பெயின்காரர் மிகேல் இந்துராயின் 80 கிலோவை ஒட்டிய ஆள்.

பவர் மீட்டரும் வேண்டாம். ஏற்கெனவே ஒரு எண் உங்களை ஆட்டிவைக்கிறது, இரண்டாவது எதற்கு?

6.1 பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், எழுத்தாளனிடம் அல்ல. ஒன்று மட்டும் சொல்கிறேன். 2002-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், கலந்துகொண்டவர்களுக்கு வைத்த இலக்கு உடல் எடையில் 7 சதவீதக் குறைப்பும், வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும். அவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. 91 கிலோவில் 7 சதவீதம் 6.4 கிலோ. நீங்கள் 5 குறைத்தாகிவிட்டது. 6.3 என்பது 6.1 ஆகியிருக்கிறது. இதைப் புகார்போல எழுதுகிற உங்களை என்ன சொல்வது? அவ்வளவு தூரம் மிதித்து வந்த கால்களுக்கு ஒரு நன்றி கிடையாதா?

16 கிலோ, ஐந்து மாதம் என்ற உங்கள் இலக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. 16-ஆல் பெருக்கினால் 1,23,200. 150 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 800-க்கு மேல் பற்றாக்குறை வேண்டும். தினந்தோறும், தீபாவளி உட்பட. இப்படி ஒரு பட்ஜெட்டை உங்கள் மேசையில் யாராவது வைத்தால் கையெழுத்துப் போடுவீர்களா?

'இளைத்துவிட வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சொல் என்னைப் பல வருடங்களாகத் தொந்தரவு செய்கிறது. தமிழில் இளைத்தல் என்றால் மெலிதல். களைத்துப்போவதும் அதுதான், மூச்சு வாங்குவதும் அதுதான், தோற்றுப் பின்வாங்குவதும் அதுதான். என் பாட்டி ஆஸ்துமாவை இளைப்பு என்றுதான் சொல்வாள். இளைப்பாறுகிறவன் சதை போடுவதில்லை, களைப்புத் தீர்கிறான். 'ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி' என்ற பழமொழியில் வருகிறவன் ஒல்லி என்பதற்காக யாரும் அவனை ஏறி மிதிக்கவில்லை, எதிர்த்து நிற்க வலுவில்லாதவன் என்பதற்காகத்தான். பஞ்சம் பல பார்த்த மொழி மெலிவையும் தோல்வியையும் ஒரே சொல்லுக்குள் போட்டு வைத்திருக்கிறது. நாம் அந்தச் சொல்லைத் தூசி தட்டி இலக்காக மாட்டிவிட்டோம். தொந்தியே வளமை என்ற பழைய பேச்சுக்கு நான் திரும்பவில்லை, அந்தப் பேச்சு எங்கள் குடும்பத்தில் இரண்டு பேரைச் சீக்கிரம் கொண்டுபோனது. ஆனால் மெலிவது வேறு, வலுக் குறைவது வேறு. நம் சொல் அதைப் பிரிப்பதில்லை. உங்கள் எடை மெஷினும் பிரிப்பதில்லை.

தசையிலும் ஈரலிலும் மாவுச்சத்து 400, 500 கிராம் சேமிப்பில் கிடக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இரவுச் சோற்றை நிறுத்தியதும் ஒன்றரைக் கிலோ சட்டென்று இறங்குவதும், ஒரு கல்யாணச் சாப்பாட்டில் அது திரும்பி வந்துவிடுவதும் இதனால்தான். ஞாயிற்றுக்கிழமை ஓட்டி முடித்ததும் மெஷினில் ஏறி நின்று 84.5 பார்த்துப் பூரித்திருப்பீர்கள். அது கொழுப்பல்ல, உங்கள் ஊர் வெயில் குடித்த வியர்வை. இரண்டு சொம்பு தண்ணீரில் திரும்பிவிடும்.

இப்போது நான் கோபப்பட வேண்டிய இடம். வெறும் வயிற்றில் 60 கிலோமீட்டர் போகாதீர்கள். அரை மணி, முக்கால் மணி என்றால் பாதகமில்லை. வெறும் வயிற்றில் மிதிக்கும்போது எரிவதில் கொழுப்பின் பங்கு கூடுவது உண்மைதான். ஆனால் மொத்தச் சாப்பாடு ஒன்றாகவே இருந்தால், நாள் முடிவில் கணக்கு வேறுபடுவதில்லை. காலையில் பட்டினி கிடந்ததை உடம்பு பகலில் ஈடுகட்டிவிடும். வெறும் வயிற்றோடு ஓட்டிவிட்டுப் பத்தரை மணிக்குத் திரும்புகிறவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். அதுவும் ஊர் ஆம்பூர். சீரகச் சம்பா பிரியாணி, பக்கத்தில் கத்தரிக்காய். 'இன்றைக்கு 60 ஓட்டியிருக்கிறோமே' என்று இன்னொரு கை. பிறகு மாலைவரை சோபாவை விட்டு எழுந்திருக்க முடியாது. 60 கிலோமீட்டருக்கு உங்கள் வேகத்தில் 1,200 கலோரி அளவு செலவாகியிருக்கும். அதை உடம்பு வட்டியோடு வசூலிப்பதைத்தான் இரண்டு மாதமாக 86 என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கிளம்பும் முன் இரண்டு இட்லி. ஒரு மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டம் என்றால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. பெரிய வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் இருக்கும். முதல் வாய் முக்கால் மணிக்குள் உள்ளே போக வேண்டும், பசிக்கும் முன்பே. 6.1-ஐ வைத்துக்கொண்டு வாழைப்பழமா என்பீர்கள். மிதித்துக்கொண்டிருக்கும் தசை இன்சுலினுக்கு அதிகம் காத்திராமல் இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மேசை முன்னால் உட்கார்ந்து தின்பதும் மலையில் மிதித்துக்கொண்டு தின்பதும் உடம்புக்கு ஒன்றல்ல. சந்தேகமிருந்தால் அதையும் மருத்துவரிடம் கேளுங்கள். கேட்கும்போது எலும்பைப் பற்றியும் கேளுங்கள். சைக்கிள் இருதயத்துக்கு நல்லது, ஆனால் உடல் பாரத்தை இருக்கையே தாங்கிவிடுவதால் எலும்புக்கு வேலை இல்லை. அதோடு பட்டினியும் சேர்ந்தால் எலும்பு தேயும். வாரம் இரண்டு நாள் நடங்கள், கனம் தூக்குங்கள்.

இவ்வளவு அதட்டுகிறேனே, நான் யோக்கியமா? ஒன்பது வருடங்களுக்கு முன்பு, 46 வயதில், 88 கிலோவிலிருந்து ஏழே மாதத்தில் 71-க்கு வந்தேன். ஊரே பாராட்டியது. மார்கழியில் ஒரு விடியற்காலை, வெறும் வயிற்றோடு ஏலகிரி ஏறினேன். நீங்கள் அறிவீர்கள், அங்கே 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயர். பாரி என்று பலகை வைத்த வளைவில் கண் மங்கியது. கால் இருந்தது, ஆனால் என்னுடையதாக இல்லை. முல்லைக்குத் தேரைக் கொடுத்துவிட்டு இறங்கிப்போனவன் பெயர் எழுதிய இடத்தில், நான் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். சட்டையின் முதுகுப் பையில் பேரீச்சம்பழப் பொட்டலம் இருந்தது. ஆபத்துக்கு என்று மூன்று மாதமாகச் சுமந்துகொண்டிருந்தது, கலோரிக்குப் பயந்து ஒருநாளும் பிரித்ததில்லை. எடுத்தேன். விரல் நடுக்கத்தில் உறையைக் கிழிக்க முடியவில்லை. பல்லால் கடித்துக்கொண்டிருந்தபோது ஒரு குரங்கு வந்து, அவசரமே இல்லாமல், என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டது. ஒரே இழுப்பில் பிரித்தது. நான்கடி தள்ளிச் சுவரில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தின்று, கொட்டையை என் பக்கமாகத் துப்பியது. சற்று மேலே கொய்யா விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் தவழாத குறையாகப் போய்ச் சேர்ந்தேன். உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுத்தார். "இருபது ரூபாய், சில்லறையாகக் கொடு" என்றார். பரிதாபம் எல்லாம் படவில்லை.

ஆகவே என் யோசனை இது. சாப்பிட்டால்தான் எட்ட முடிகிற இலக்கு ஒன்றை வையுங்கள். நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பிஆர்எம் என்பார்கள், பாரிஸிலுள்ள ஆடாக்ஸ் கிளப்பின் விதிப்படி உலகெங்கும் நடக்கும் சைக்கிள் பயணம். மிகச் சிறியது 200 கிலோமீட்டர், கெடு 13 மணி 30 நிமிடம். முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. யாரும் உங்களை எடை போடுவதில்லை. டீக்கடையில் நிற்பது, பஞ்சர் ஒட்டுவது எல்லாம் அந்தக் கெடுவுக்குள்தான், அப்படிப் பார்த்தால் சராசரி மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வேண்டாம். ஆனால் பட்டினியோடு 200 போக முடியாது. 120-இல் உட்கார்ந்துவிடுவீர்கள். அதற்குத் தயாராகிற மாதங்களில் எடை இறங்கும், வாரத்துக்குக் கால் கிலோவோ அரைக் கிலோவோ, அதன் வசதிப்படி. பொங்கலுக்கு 79 இருந்தால் 79. அன்றைக்கு வெண்பொங்கலும் சாப்பிடுவீர்கள்.

அந்த நோட்டு. 80 பக்க கோடு போட்ட நோட்டு, ஒவ்வொரு வரியிலும் தேதியும் எடையும், தசமப் புள்ளியோடு. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஜன்னலோரத்து மூன்றாவது டைல்ஸ் லேசாகச் சரிந்திருக்கும். அதில் வைத்தால் மெஷின் 200 கிராம் குறைத்துக் காட்டும். மனம் சரியில்லாத நாட்களில் மெஷினை அங்கே தள்ளி வைத்து ஏறி நிற்பேன். அந்த எண்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன 'ஜ' போட்டிருக்கிறேன். என்னை நானே ஏமாற்றியதற்கு நானே வைத்த ரசீது.

அந்த வருடம் தீபாவளி முடிந்து பத்து நாள் கழித்து அத்தை வந்திருந்தாள், என் அப்பாவின் அக்கா. செங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, மடியில் எவர்சில்வர் தூக்கை வைத்துக்கொண்டு. தூக்கில் அதிரசம். என்னைப் பார்த்ததும், "என்ன இப்படி இளைத்துவிட்டாய்? உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்றாள். எனக்குப் பெருமை. மூடியில் இரண்டை எடுத்து வைத்து நீட்டினாள். வேண்டாம் என்றேன். ஒன்றையாவது பிட்டு வாயில் போடு என்றாள். அதிரசத்தில் எத்தனை கலோரி என்று அவளுக்கு விளக்கினேன், க. எழுபத்தெட்டு வயதுக்காரிக்கு. அவள் கேட்டுக்கொண்டாள். மூடியை மூடி, கைப்பிடிக் கொக்கியை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "பிள்ளைகள் தின்னும்" என்றாள். மாசியில் போய்விட்டாள்.

பரணில் நோட்டு கிடைத்ததும் அந்தத் தேதியைத்தான் தேடினேன். '71.4' என்று இருந்தது. அதன் கீழே சிவப்பு மையில், 'இரவு 71.9. ஏன்?' அத்தை வந்ததாக ஒரு சொல் இல்லை.

உங்கள் மனைவி சொன்னதை ஹெச்பிஏ1சிக்கும் எடை மெஷினுக்கும் நடுவில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அவர் என்ன பார்த்து அப்படிச் சொன்னார் என்று உட்கார்ந்து கேளுங்கள்.

மெஷினைப் பரணில் போடச் சொன்னால் போடமாட்டீர்கள், நானும் போடவில்லை. வாரம் ஒருநாள், புதன்கிழமை காலை, அவ்வளவு போதும். அடுத்த முறை ஏலகிரி ஏறும்போது நண்பர்களை முன்னால் போக விடுங்கள். எந்த வளைவில் இறங்கினீர்கள் என்று எழுதுங்கள். பேரீச்சம்பழத்தை வீட்டிலேயே உறை பிரித்து டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள், குரங்குகள் அங்கேதான் இருக்கின்றன.